மூங்கில் கம்பில் ஒரு சுங்கச் சாவடி

எங்கள் வீட்டில் கார் ஓட்டியது நான்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷமே ஆகியிருந்த அந்தக் காலத்தில், சேலை கட்டிய ஒருத்தி மலாக்காவின் காஜா பெராங் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போனால், காப்பிக் கடையில் இருப்பவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். என் கணவர் முன்பக்கம் என் அருகே உட்கார்ந்து, அவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே வருவார். அவர் மூன்று முறை லைசென்ஸ் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றவர். நான் முதல் தடவையிலேயே தேறினேன். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் ஒருநாளும் பார்க்கவில்லை. "டிரைவர் வச்சிருக்கிறவன் பெரிய மனுசன் இல்லையா?" என்பார்.

நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அவர் பண்டார் ஹிலிரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடமிருந்து அந்தக் காரை மலிவாக வாங்கியிருந்தோம். பச்சை நிறம், சின்ன வண்டி. பின்னால் சாமான் வைக்கும் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாது, கயிறு போட்டுக் கட்ட வேண்டும். மற்றபடி நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரைக்குப் போவோம். இரண்டு முறை மூவார் வரைக்கும் போய், ஆற்றில் பெர்ரிப் படகில் காரை ஏற்றி, அந்தக் கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். சாலையில் போவதற்குக் காசு கொடுப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பெர்ரிக் கட்டணம்தான்.

அந்த வருஷம் எங்கள் பாஸ்போர்ட் வந்தது. மலாயாக் கூட்டரசின் பாஸ்போர்ட். நான் பிறந்தது ரப்பர் எஸ்டேட்டில். அங்கே தொழிலாளர் லயத்திலிருந்து டவுனுக்குப் போக வேண்டுமென்றால் அப்பா முதல் நாளே அனுமதி கேட்டு எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் போய் நிற்பார். வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில் கேட்டருகே சாலையின் குறுக்கே கம்பு போட்டு, சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடும் என்று பயம். அந்தக் கம்புக்கு முன்னால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, எல்லையைத் தாண்டலாம் என்று அச்சடித்த புத்தகம் ஒன்று கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. இரவில் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மையில் அப்படித்தான் செய்தேன்.

"எங்கயாவது போகணுங்க" என்றேன்.

"சிங்கப்பூரா?"

"அது ஒரு வெளிநாடா? சயாம் போவோம். ரோடு போகுதில்ல?"

 அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்தார். அவருடைய சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

எங்களுடன் காகாக்கும் வந்தார். பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டு வாசலில் பலகாரம் செய்து விற்றார். பல நூறு வருஷத்துக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருக்கும். அதனால் அவரிடம் நாங்கள் மலாயில்தான் பேசுவோம். காகாக் என்றால் அக்கா. அவர் என்னை 'சிக்கு' என்பார், டீச்சர் என்று அர்த்தம். என் கணவரும் என்னைக் கேலியாக டீச்சர் என்றே கூப்பிடுவார். ஆக அந்தப் பயணம் முழுவதும் என் பெயரை யாருமே சொல்லவில்லை.

சயாம் போகிறோம் என்று நான் வேலிக்கு மேல் சொன்னதும் காகாக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பின்சீட்டில் யார்?"

"யாரும் இல்லை."

"அப்படியானால் நான்."

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அவரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர் முந்தின வருஷம் வாடகைக் காரில் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஹாட்யாய் நகரம் வரை போய் வந்தவர். அவர் சொன்ன ஒரு விஷயம் என் கணவரைப் பிடித்துக்கொண்டது. "அங்க வழிநெடுக டோல் கேப்பான். ரோட்டில கம்பு போட்டு நிப்பான். சில்லறை இல்லாட்டி மாட்டிக்குவீங்க." என் கணவர் ஒழுங்கான மனிதர். வெளிநாட்டில் போய்ச் சட்டத்தை மீறிவிடக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவலை கொஞ்சநஞ்சமல்ல.

பள்ளிக்கூடத்தின் முதல் தவணை விடுமுறையில் புறப்பட்டோம். முதல் நாள் ஈப்போவில் என் சின்னம்மா வீட்டில் தங்கினோம். மறுநாள் எல்லைக்குப் பக்கத்தில் அலோர் ஸ்டாரில் என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த தோழியின் வீட்டில். இவ்வளவு தூரம் நான் ஓட்டியதே இல்லை. தோளும் குதிகாலும் வலித்தன. ஆனாலும் மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கே கண் விழித்துவிட்டது. அன்றைக்குச் சித்திரை முதல் நாள். தோழியின் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அவள் கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு, புதுச் சேலையோடு காரில் ஏறினேன். காகாக் கத்தரிப்பூ நிறக் கெபாயா மேல்சட்டை போட்டிருந்தார். பலகார டின் இரண்டு அவர் மடியில்.

எல்லைக்குப் போகும் வழியில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் கடையில் பணம் மாற்றினோம். என் கணவர் எல்லாவற்றையும் சில்லறையாகவே கேட்டார்.

"எல்லாமேவா?" என்றார் கடைக்காரர்.

"வழியில டோல் இருக்காம் பாய்."

"யாரு சொன்னா?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர்."

பாய் என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். சயாம் பணத்தில் ஒற்றை பாட் நோட்டுகளும் காசுகளுமாக எண்ணிக் கொடுத்தார். அது ஒரு பால்மாவு டின் நிறைய வந்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லையில் ஒன்றரை மணி நேரம் ஆனது. காருக்கு ஒரு தாள், எங்களுக்கு ஒரு முத்திரை. சயாம் அதிகாரி முத்திரையை என் பாஸ்போர்ட்டில் வைத்து அழுத்தியபோது, மை காயும்வரை நான் அந்தப் பக்கத்தை மூடவே இல்லை. கம்பு மேலே போனது. கியரைப் போட்டேன். இருபது கஜம் போயிருப்போம். அதே மாதிரி ரப்பர் மரம்தான், அதே மாதிரி செம்மண்தான். ஆனால் நான் காரணமில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். பின்னாலிருந்து காகாக் என் தோளைத் தட்டி, "சிக்கு, நாம் வெளிநாட்டில் இருக்கிறோம் லா" என்றார். மலாய்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலாக வரும் அந்த 'லா'வைக் கொஞ்சம் நீட்டினார்.

எட்டு மைல் போனோம். ஒரு டோல்கூட வரவில்லை. என் கணவர் டின்னைத் திறந்து பார்த்து மூடினார். இன்னும் மூன்று மைல் கழித்து, ஒரு வளைவு திரும்பியதும், சாலையின் குறுக்கே கம்பு.

சுண்ணாம்பு அடித்த மூங்கில். அதன் இரு பக்கமும் பத்துப் பதினைந்து பேர். பூப்போட்ட சட்டைகள். ஒருவர் கழுத்தில் மேளம் தொங்கியது. முன்னால் நின்றவர் கையில் பெரிய வெள்ளிக் கிண்ணம், அதற்குள் நோட்டுகள்.

"வந்துருச்சு" என்றார் என் கணவர். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மெதுவா, டீச்சர். சரியா கம்புக்கு முன்னால நிறுத்து."

நிறுத்தினேன். கிண்ணக்காரர் சன்னலுக்கு வந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என் கணவர் ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு விரலைக் காட்டினார். கிண்ணக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு பாட் கிண்ணத்தில் விழுந்தது. கூட்டம் கை தட்டியது.

"சந்தோசமா வாங்குறாங்க பாருங்க" என்றேன். "நம்ம ஊர்ல மூவார் பெர்ரிக்காரன் முகத்தைக்கூடப் பாக்க மாட்டான்."

"ரசீது வாங்கணும்" என்றார் அவர். உள்ளங்கையில் எழுதுவது போலக் காட்டினார். அந்த மனிதருக்குப் புரியவில்லை. இவர் மறுபடி காட்டினார். அவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஓர் இளம்பெண் தோரணத்திலிருந்து மஞ்சள் காகிதம் ஒன்றைக் கிழித்து, பென்சில் வாங்கி, மேளத்தின் மேல் வைத்து எதையோ நீளமாக எழுதினாள். எழுதும்போதே மற்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் அதை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, கைகூப்பி நன்றி சொன்னார்.

பிறகு ஒரு வயதான அம்மாள் வந்தார். மல்லிகை மிதக்கும் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு என் கணவர் கையில் ஊற்றினார். இன்னொருவர் வெள்ளை மாவு போல ஒன்றைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் தடவினார். கம்பு மேலே போனது. நான் காரை நகர்த்தினேன்.

"இது எதுக்குங்க?"

"காலராவா இருக்கும்" என்றார், கன்னத்தைத் துடைக்காமல். "வெளியூர்க்காரங்க வந்தா மருந்து தடவி விடுறாங்க. நல்ல ஏற்பாடுதான்."

எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மருந்தில் பவுடர் வாசனை அடித்தது. ஆனால் நான் புது நாட்டில் புதுச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். யோசிக்க நேரமில்லை.

இரண்டே மைலில் அடுத்த கம்பு. இங்கே கூட்டம் அதிகம். பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வைத்திருந்தார்கள். என் கணவர் இந்தத் தடவை டின்னைத் தொடவில்லை. பையிலிருந்து மஞ்சள் காகிதத்தை எடுத்து, பிரித்து, வெளியே நீட்டினார்.

"ஏற்கெனவே கட்டியாச்சு" என்று மலாயில் சொன்னார். புரியாது என்று தெரிந்தும் நிதானமாக, ஆபீஸ் குரலில்.

கிண்ணம் வைத்திருந்தவர் காகிதத்தை வாங்கினார். உரக்கப் படித்தார்.  எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கணவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். அப்போதுதான் இரண்டு பேர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முழு வாளியும் சன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

கிணற்றுத் தண்ணீர். ஜில்லென்று இருந்தது. என் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. என் கணவரின் மூக்குக் கண்ணாடி அவர் மடியில் கிடந்தது. சில்லறை டின்னில் தண்ணீர் தளும்பியது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் சத்தமே இல்லை. காகாக் கோபக்காரர். வாசலில் பேரம் பேசுபவர்களை அவர் விரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பயந்துகொண்டே திரும்பினேன். காகாக்கின் கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்புதான், சத்தம்தான் இன்னும் வரவில்லை.

"சிக்கு" என்றார் மூச்சு வந்ததும். "இது டோல் இல்லை லா."

எங்களை இறங்கச் சொன்னார்கள். சாலைக்குக் கீழே ஒரு பௌத்தக் கோயில். முற்றத்தில் மணலைக் கோபுரமாகக் குவித்து, வண்ணக் காகிதக் கொடி குத்தியிருந்தார்கள். வாசலில் பாய் விரித்துச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஈர உடையோடு ஓடி வந்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தது. கிண்ணத்தில் சேரும் பணம் கோயில் கூரைக்காம். தண்ணீர் ஊற்றுவது வருஷப் பிறப்புக்காம். இன்றைக்கு அவர்களுக்குப் புது வருஷம்.

"இன்றைக்கா?" என்றேன்.

"இன்றைக்கு" என்றார். வானத்தைக் காட்டி, சூரியன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது என்று கையால் நடித்துக் காட்டினார்.

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதேதான், சூரியன் மேஷத்துக்கு வருகிற நாள் என்று. காலையில் அலோர் ஸ்டாரில் பாயசம் குடித்தபோது, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து இந்த வருஷம் பண்டிகை இப்படிப் போகிறதே என்று மனதில் ஓர் ஓரத்தில் குறை இருந்தது. இங்கே ஒரு நாடே எனக்காகக் கொண்டாடிக்கொண்டிருந்தது போல இருந்தது.

"எங்களுக்கும் இன்றைக்குத்தான் வருஷப் பிறப்பு" என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுபடி சொன்னேன். நானும் வாத்தியார்தான் என்றேன். அதற்கு மேல் அவர் எங்களை விடவில்லை. தன் கூட்டத்திடம் போய்ச் சொன்னார். அது கோயில் முழுவதும் பரவியது. வந்தவர் போனவரெல்லாம் எங்கள் கையில் பூந்தண்ணீர் ஊற்றினார்கள். காகாக் பலகார டின்களைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார். தேங்காய்ப் பால் விட்டுச் செய்த அந்தப் பலகாரத்தைத் தின்றுவிட்டு, இதே மாதிரி எங்கள் ஊரிலும் உண்டு என்று பெண்கள் வாழை இலையில் மடித்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் கணவர் டின்னில் ஊறிக் கிடந்த சில்லறையில் ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு ஹாட்யாய் வரைக்கும் எத்தனை கம்பு வந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றையும் எதிர்பார்த்து ஓட்டினேன். வளைவு திரும்பும்போதே காகாக் காலியான பலகார டின்னில் தண்ணீரோடு தயாராக இருப்பார். கிண்ணத்தில் காசு விழும் நேரத்தில் அவர் டின் தண்ணீர் பின்சன்னல் வழியாக வெளியே போகும். அவர்கள் முதலில் திகைத்து, பிறகு எங்கள் மேல் பாய்வார்கள். காருக்குள் காலடியில் தண்ணீர் அலையடித்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அது முன்னால் ஓடி வந்தது. தன் வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசியிராத என் கணவர், சன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சித்திரை வாழ்த்துகள்" என்று தமிழில் கத்திக்கொண்டே வந்தார்.

பிற்பகலில் கடலோரத்திலிருக்கும் சொங்க்லாப் பக்கம் போனோம். அங்கே பெரிய ஏரி கடலோடு சேரும் இடத்தில், அக்கரைக்குப் போக ஒரு பெர்ரி இருந்தது. இரண்டு மூன்று வண்டி ஏறக்கூடிய தட்டையான படகு. அதற்கு முன்னால் சாலையில் ஒரு கம்பு.

அது மூங்கில் இல்லை. சிவப்பும் வெள்ளையும் பூசிய மரக் கட்டை. பக்கத்தில் ஒரு சின்னச் சாவடி. காக்கி உடுப்பும் தொப்பியுமாக ஓர் அதிகாரி. இதையெல்லாம் நான் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் காலையிலிருந்து நனைந்து நனைந்து எனக்குப் புத்தி மிதந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன். அதிகாரி குனிந்து கையை நீட்டினார். என் கணவர், "சித்திரை வாழ்த்துகள்" என்று ஒரு பிடி சில்லறையை அந்தக் கையில் வைத்தார். அதே நேரத்தில் பின்னாலிருந்து காகாக்கின் டின் தண்ணீர் வந்தது.

தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் அதிகாரி நனைந்துவிட்டார். மார்பில் இருந்த பொத்தான்களிலிருந்து தண்ணீர் வரிசையாகச் சொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வறுத்த வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி தொப்பியைக் கழற்றி, தண்ணீரை வடித்து, மறுபடி போட்டுக்கொண்டார். கையிலிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்து, அதிகமாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டை எனக்கு உறைத்தது.

"என்னங்க" என்றேன் மெதுவாக. "இது நிஜமான டோல்."

"தெரியுது" என்றார் அவர். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் சட்டையே ஒரு துவாலை போல நனைந்திருந்தது.

அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். காரின் தாள் கேட்டார். என் லைசென்ஸைக் கேட்டபோது, ஓட்டுபவர் நான்தானா என்று இரண்டு முறை பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சாவடிக்குள் போய்விட்டார். எங்களை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பெர்ரி எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சந்தோஷமெல்லாம் உடம்பில் காய்ந்துகொண்டிருந்தது. அரசாங்க அதிகாரியின் மேல் தண்ணீர் ஊற்றினால் இந்த நாட்டில் என்ன செய்வார்கள் என்று என் கணவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் நகத்தைக் கடித்ததில் தெரிந்தது. காகாக் டின்னைத் தன் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டார். "என்னைத்தான் பிடிக்க வேண்டும்" என்றார். "உங்கள் இருவருக்கும் வேலை இருக்கிறது. நான் பலகாரம்தான் விற்கிறேன். எங்கே வைத்தாலும் விற்பேன்."

வாழைப்பழம் விற்ற பெண் கார் பக்கம் வந்தாள். தலையில் முக்காடு. மலாய் பேசினாள். எங்கள் மலாய் அல்ல, வார்த்தைகளின் வாலை விழுங்கிவிடும் வேறு மலாய். நானும் என் கணவரும் திணறினோம். காகாக் பிடித்துக்கொண்டார். அவருடைய மலாயும் பள்ளிக்கூட மலாய் இல்லையே. கொஞ்ச நேரத்தில் இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீர்கள் என்கிறாள்" என்றார் காகாக். "அவர் நல்ல மனிதராம். டூட்டியில் இருக்கும்போது மட்டும் சிரிக்க மாட்டாராம்."

என் கணவர் தைரியம் வந்து, பையிலிருந்து மஞ்சள் காகிதத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவளுக்கு சயாம் எழுத்து தெரிந்திருந்தது. ஈரத்தில் பாதி அழிந்துபோயிருந்ததை வெயிலில் பிடித்துப் படித்தாள். காகாக் எங்களுக்குச் சொன்னார்.

"'இவர் இரண்டு பாட் கொடுத்தார். நாங்கள் கையை மட்டும்தான் நனைத்தோம். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறதாம்."

என் கணவர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, பார்த்து, மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் ரசீது ரசீதுதான்" என்றார். ஒரு மணி நேரத்தில் முதல் தடவையாக நான் சிரித்தேன்.

நாலு மணிக்கு வேறொரு காக்கிச் சட்டைக்காரர் சைக்கிளில் வந்து சாவடிக்குள் போனார். சற்று நேரத்தில் நம் அதிகாரி வெளியே வந்தார். தொப்பி இல்லை. காக்கிச் சட்டையும் இல்லை. வெள்ளைப் பனியனும் காக்கிக் கால்சட்டையும்தான். தலைமுடி ஈரமாகப் படிந்திருந்தது. இப்போது பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது போலிருந்தது. ஒரு கையில் எங்கள் பாஸ்போர்ட்டுகள், இன்னொரு கையில் பூ மிதக்கும் ஒரு கிண்ணம்.

பாஸ்போர்ட்டுகளை என்னிடம் கொடுத்தார். அதோடு பெர்ரிக்கு ஒரு ரசீது, முத்திரை வைத்தது. பிறகு பின்கதவைத் திறந்தார். காகாக் சீட்டின் மறுமுனைக்கு நகர்ந்தார். இவர் தரையில் மண்டியிட்டுத் தலையைக் குனிந்து, எதையோ மெதுவாகச் சொன்னார்.

வாழைப்பழக்காரி எங்களுக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் காகாக்கிடம் சொன்னாள்: "கையை நீட்டச் சொல்கிறார். இங்கே பெரியவர்கள் கையில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். அவருடைய அம்மா வேறு மாகாணத்தில் இருக்கிறார். டூட்டி இருந்ததால் இந்த வருஷம் ஊருக்குப் போக முடியவில்லையாம். ஆசி வாங்க உங்கள் அளவுக்கு வயதானவர் இன்றைக்கு யாரும் இந்த வழியாக வரவில்லை என்கிறார்."

காகாக் நகர்ந்து வந்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அந்த மனிதர் மிகக் கொஞ்சமாக, துளித்துளியாக ஊற்றினார். காகாக்குக்கு என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. பிறகு ஈரக் கையை அவர் தலைமேல் வைத்தார். மலாயில் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பர்சுக்குள் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவர் எங்கே போனாலும் கொண்டுபோகும் விபூதி. நல்லவேளை நனையவில்லை. ஒரு விரலால் அந்தப் பிள்ளையின் நெற்றியில் கீற்றாக வைத்தார்.

"நல்லா இரு" என்றார் தமிழில். அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களில் அவையும் உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த இளைஞர் எழுந்து கைகூப்பினார். எங்களுக்கும் ஒரு முறை கும்பிட்டுவிட்டு, விபூதி பூசிய நெற்றியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். காகாக் வெகுநேரம் கையைத் துடைக்கவில்லை. மடியில் விரித்தபடியே வைத்திருந்தார்.

பெர்ரி திரும்பி வந்தது. பலகை வழியாகக் காரை ஏற்றினேன். தண்ணீருக்கு நடுவே போனதும் கடல் காற்று எதிரே அடித்தது. என் சேலை முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது. என் கணவர் வரைபடத்தைக் காரின் மேல் விரித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். ஈரத்தில் சயாமும் மலாயாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் மெதுவாகப் பிரித்தார்.

"அக்கரைக்குப் போய்க் கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு, ராத்திரிக்கு ஹாட்யாய் திரும்பிறலாம்னுதானே நினைச்சோம்?" என்றார்.

"ஆமாங்க."

"இந்த ரோடு அக்கரையில கடலோரமாவே வடக்க போகுது பாரு. எவ்வளவு தூரம்னு இதுல போடல."

"ஸ்கூல் தொறக்க இன்னும் எத்தனை நாள்?"

"அது உனக்குத்தான் தெரியும் டீச்சர்."

காகாக் பின்சன்னலிலிருந்து தலையை நீட்டினார். நாங்கள் தமிழில் பேசியது அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் டின்னை எடுத்து, படகின் ஓரத்துக்குப் போய், குனிந்து ஏரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்தார்.

படகு கரையில் முட்டியது. பலகையைப் போட்டார்கள். சாலை இடப்பக்கமும் போனது, வலப்பக்கமும் போனது. மீனவக் குடிசைகள் வலப்பக்கம் இருந்தன. நான் வலப்பக்கம், கடலோரமாக வடக்கே போகும் சாலையில் திருப்பினேன்.